முகம் காட்டாமல் பேச விரும்புவோருக்கு எக்ஸ் தளம்: ஒரு மதிப்பீடு

இஸ்லாத்தை விட்டு வெளியேறியவர்களின் கணக்குகளை, முன்பு ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். அவர்களுக்கு இந்தச் சேவை எவ்வளவு பயன்படுகிறது, எந்த இடத்தில் அவர்களைக் கைவிடுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

இக்கணக்குகள் பலவற்றின் முகப்பு ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். ஒரு புனைபெயர், ஒளிப்படம் இருக்க வேண்டிய இடத்தில் ஓவியமோ பறவையோ, நிரப்பப்படாத ஊர்ப்பெயர், அறிமுக வரியில் ‘முன்னாள் முஸ்லிம்’ என்ற சொல், மேலே பொருத்தி வைக்கப்பட்ட பதிவில் மார்க்கத்தை விட்ட கதை. இதைக் கோழைத்தனம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. மதம் மாறுவதை மரண தண்டனைக்குரிய குற்றமாகக் கருதும் நாடுகள் இன்றும் இருக்கின்றன. நம் கோயம்புத்தூரிலேயே, கடவுள் மறுப்பைத் தன் சொந்தப் பெயரில் ஃபேஸ்புக்கிலும் வாட்ஸப்பிலும் எழுதிய திராவிடர் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்த ஃபாரூக் 2017 மார்ச்சில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஃபேஸ்புக் அன்றாட வாழ்வில் வழங்கும் பெயரையே கேட்கிறது; எக்ஸ் அப்படிக் கேட்பதில்லை. எனவே புனைபெயருக்கு இடம் தருவதையே இச்சேவையின் முதன்மையான தகுதியாகக் கொள்கிறேன்.

அந்த இடம் என்ன செய்யும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். 2015 நவம்பரில், பிரிட்டனின் முன்னாள் முஸ்லிம்கள் மன்றம் ‘நான் முன்னாள் முஸ்லிம், ஏனெனில்’ என்ற பொருளில் ஒரு ஹேஷ்டேகைத் தொடங்கியது. பாரிஸ் தாக்குதல் நடந்து சில நாள்களே ஆன நேரம் என்பதால் அது முஸ்லிம் வெறுப்புக்குத் தீனி போடும் என்ற கண்டனம் எழுந்தது. அந்தக் கவலையில் நியாயமும் இருந்தது. ஆயினும், தன்னைப் போல் வேறொருவர் உலகில் இல்லை என்று நினைத்திருந்த பலர் அன்று ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். 2019 ஜனவரியில், குடும்பத்திடமிருந்து தப்பி பாங்காக் விமான நிலைய விடுதி அறையில் கதவை அடைத்துக்கொண்ட சவூதிப் பெண் ரஹாஃப் முகம்மது, தன் பெயரையும் கடவுச்சீட்டின் படத்தையும் ட்விட்டரில் வெளியிட்டார். மறைந்திருப்பதைவிட எல்லோருக்கும் தெரிவதே அப்போது அவருக்குப் பாதுகாப்பாயிற்று. 18 வயதான அவர் ஒரு வாரத்துக்குள் கனடா போய்ச் சேர்ந்தார். அவருடைய கடவுச்சீட்டுக்குப் பதிலாகக் கைப்பேசியைப் பறித்திருக்கலாம் என்று தாய்லாந்திலிருந்த சவூதித் தூதரக அதிகாரி ஒருவர் வருந்தியது காணொளியாகவே வெளிவந்தது.

இனி குறைகள், அவை சிறியவை அல்ல. தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ கொடுத்தால் அது எந்தக் கணக்குக்கு உரியது என்று காட்டிக்கொடுக்கும் ஓட்டை ஒன்று தளத்தில் இருந்ததையும், அதைப் பயன்படுத்தித் திரட்டிய தகவல்கள் விற்பனைக்கு வந்ததையும் 2022 ஆகஸ்டில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில், பயனர்களின் தகவல்களைச் சவூதித் தரப்புக்குக் கொடுத்ததற்காக முன்னாள் ஊழியர் ஒருவர் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பது ஊராருக்குத் தெரியாவிட்டாலும் நிறுவனத்துக்குள் இருப்பவருக்குத் தெரியும் என்பதைப் பயனர் மறக்கக் கூடாது.

2024 ஜூனில் விருப்பக்குறிகளை மற்றவர் பார்க்க முடியாதபடி மறைத்தது, ஐயத்தின் தொடக்கத்தில் இருக்கும் ஒருவருக்குப் பெரிய உதவி; முன்பெல்லாம் அவர் எந்தப் பதிவை விரும்பினார் என்பதை அவருடைய சகோதரரும் பார்த்துவிடலாம். ஆனால் அதே ஆண்டு நவம்பரில், நாம் தடுத்து வைத்தவரும் நம் பொதுப் பதிவுகளைப் படிக்கலாம் என்று மாற்றிவிட்டார்கள். துரத்தும் உறவினரை இதற்குமுன் ஓரளவேனும் விலக்கிவைக்க முடிந்தது.

என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. சினத்தோடு எழுதப்படும் பதிவு நெடுந்தொலைவு பரவுகிறது. தாயோடு இன்னும் நோன்புக்கஞ்சி குடிப்பதைப் பற்றியும் தொழுகையை விட்ட பிறகு வந்த வெறுமையைப் பற்றியும் நிதானமாக எழுதுபவரை யாரும் காண்பதில்லை. நாளடைவில் அவரும் குரலை உயர்த்தக் கற்றுக்கொள்கிறார். முஸ்லிம்களையே வெறுப்பவர்கள் அவருக்குக் கைதட்டுகிறார்கள். அவர் எதிர்க்க வந்தது ஒரு நம்பிக்கையை. கைதட்டுபவர்கள் வெறுப்பதோ அவருடைய தாயையும் சேர்த்து.

இவ்வளவுக்குப் பிறகும் இத்தளத்தையே தேர்ந்தெடுப்பவர் தனி மின்னஞ்சலில் கணக்கைத் தொடங்கட்டும். கைப்பேசியின் தொடர்பு எண்களைத் தளத்தோடு இணைக்காமல் இருக்கட்டும். எண்ணையும் மின்னஞ்சலையும் கொண்டு தன்னைக் கண்டறியும் வசதியை அணைத்துவிடட்டும். 2025 நவம்பர் முதல் கணக்கு எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது என்பதும் காட்டப்படுவதால், நாட்டுக்குப் பதிலாக வட்டாரத்தை மட்டும் காட்டும் தெரிவை முதல் பதிவை எழுதுவதற்கு முன்பே அமைத்துக்கொள்ள வேண்டும்.