சி.ஆர். 1009 சப் 1: பள்ளக்கால் நிலத்துக்கு ஏற்ற நெல்

சீர்காழிப் பக்கம் தண்ணீர் தேங்கும் பள்ளக்காலில் நிலம் வைத்திருப்பவர்கள் சம்பாவுக்கு என்ன ரகம் போடலாம் என்று கேட்டால், நான் சொல்வது சி.ஆர். 1009 சப் 1 தான். பழைய ஆட்கள் சாவித்திரி என்பார்களே, அதே 1009. வெள்ளத்தைத் தாங்கும் குணம் மட்டும் கூடுதல்; சப் 1 என்பது அதைத்தான் குறிக்கும்.

2022 நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. நான் நட்டிருந்த இந்தப் பயிர் முழுசாகத் தண்ணீருக்குள் போய்விட்டது. வடிந்த பிறகு பார்த்தால் இலையெல்லாம் சேறு அப்பி, பழுத்துச் சாய்ந்து கிடந்தது. ஒரு குத்தைப் பிடுங்கி அடித்தண்டைக் கீறினேன். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் பிபிடி என்ற சன்ன ரகம் நட்ட வயலில் அதே இடத்தைக் கிள்ளினால் கூழாக விரலில் ஒட்டியது. அப்புறம் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ ஜிங்க் சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்தோம். புதுத் தூர் வெடித்தது.

மற்ற நெல் மூழ்கினால் மேலே எட்டிப் பார்க்க நீண்டு நீண்டே, இருக்கிற சத்தைத் தீர்த்துவிடும். இது வளர்ச்சியை நிறுத்திச் சத்தைச் சேமிக்கும். இரண்டு வாரம் வரை தாங்கும்.

இந்தக் குணம் ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நெல்லிலிருந்து வந்தது. டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அது எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று 1996இல் கண்டார்கள். மரபணுவை இன்னதென்று உறுதி செய்ய 2006 ஆகிவிட்டது. அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சி நிதி அதற்குப் பின்னால் இருந்தது. அதை ஏற்றிய 1009ஐ நமக்கு வெளியிட்டது கோவை வேளாண் பல்கலைக்கழகம். மரபணு மாற்றுப் பயிர் இல்லை, இரண்டு நெல்லைக் கலப்புச் செய்து தேர்ந்தெடுத்ததுதான். இடையில் பலன் எங்கே என்று கேட்டு யாராவது பணத்தை நிறுத்தியிருந்தால் என் வயலுக்கு இந்த விதை வந்தே இருக்காது.

குறையும் உண்டு. ஓரடி, ஒன்றரையடித் தண்ணீர் மாதக்கணக்கில் வடியாமல் நின்றால் இந்தக் குணம் உதவாது. பூக்கும்போதோ அறுவடையிலோ மழை பிடித்தால் மற்ற நெல்லின் கதிதான் இதற்கும். ஐந்து மாதப் பயிர் என்பதால் மேட்டூர் தண்ணீர் தாமதமானால் கடைசியில் திண்டாட்டம். மோட்டா அரிசி, இட்லிக்கு அருமை, ஆனால் வியாபாரி விலை குறைப்பார். நாங்கள் கொள்முதல் நிலையத்தில்தான் போடுகிறோம்.

நான்கு மாதத்தில் அறுக்கிற, தேங்கிய தண்ணீரிலும் தூர் கட்டுகிற சன்ன ரகம்தான் எங்களுக்கு அடுத்த தேவை. அதற்குக் கோவைக்கும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கும் அரசு தாராளமாக நிதி கொடுக்க வேண்டும், வருடா வருடம் நிற்காமல்.

வாங்கும்போது பையில் தைத்திருக்கும் நீலச் சான்று அட்டையில் சப் 1 என்று இருக்கிறதா பாருங்கள். வெறும் 1009ஐயும் இதையும் விதையைப் பார்த்துப் பிரிப்பது கஷ்டம்.