முழுக் கதையும் திரைக்கு வருமா? மாயநாவலைப் படமாக்கும் நான்கு வழிகள்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் நடக்கும் 800 பக்க மாயநாவல் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மலைத்தெய்வம், பேசும் கரடி, சாபம் பிடித்த சிற்றரசு எல்லாம் உண்டு. சேலத்து வாசகர்களுக்கு அது உயிர். அதைப் படமாக்கப் போகிறார்கள் என்று செய்தி கசிந்ததும் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ‘சினிமான்னா வெட்டிடுவாங்க, சீரிஸ்னா முழுசா வரும்’ என்பார்கள் ஒரு பக்கம். ‘எப்படி எடுத்தாலும் கெடுத்துடுவாங்க’ என்பார்கள் மறுபக்கம். இருவருமே கணக்குப் போட்டுப் பார்க்காமல் பேசுகிறார்கள்.

பக்கத்துக்கு 200 சொல் என்றால் 800 பக்கத்துக்கு 1,60,000 சொல். நிமிடத்துக்கு 100 சொல் வீதம் உரக்க வாசித்தால் ஏறக்குறைய 27 மணி நேரம். இரண்டே முக்கால் மணி நேரப் படம் இரண்டு பாகம் என்றால் 5½ மணி. 50 நிமிட அத்தியாயம் எட்டு கொண்ட ஓடிடி தொடர் என்றால் 6 மணி 40 நிமிடம். அதாவது, ‘முழுசா வரும்’ என்று நம்பும் சீரிஸுக்கும் ‘வெட்டிடுவாங்க’ என்று பயப்படும் இரண்டு பாகப் படத்துக்கும் வித்தியாசம் 1 மணி 10 நிமிடம்தான். நாவலில் நாலில் ஒரு பங்கா, ஐந்தில் ஒரு பங்கா என்பதே கேள்வி. ஒரு பக்கத்துக்கு வர்ணித்த பனியைக் கேமரா மூன்று நொடியில் காட்டிவிடும் என்பதால் நிலைமை இந்த எண் சொல்லும் அளவுக்கு மோசமில்லை. ஆனால் கதாநாயகி மனசுக்குள் நடத்தும் வாதத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதற்கு ஒரு துணைப் பாத்திரமும் புதுக் காட்சியும் எழுத வேண்டும். ரசிகர்கள் ‘இது புக்லயே இல்லையே’ என்று கொதிக்கும் காட்சிகளில் பாதி இப்படிப் பிறந்தவைதான்.

அப்படியானால் தொடரில் கூடுதலாகக் கிடைப்பது என்ன? எட்டு முடிவுகள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு இடத்தில் நின்றாக வேண்டும் என்பதால், வாரப் பத்திரிகையில் ‘தொடரும்’ போட்டு வளர்ந்த நம் நாவல்களுக்கு அந்த வடிவம் தானாகவே பொருந்தும். படத்துக்கு ஒரு இடைவேளை, ஒரு உச்சம். 2007-இல் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’ படத்தில் நாவலின் கடைசி அத்தியாயங்களைப் படம்பிடித்த பிறகும் வெட்டி, அடுத்த பாகத்துக்கென்று ஒதுக்கினார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை. அதே நாவல்வரிசை ‘ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்’ என்று 2019 முதல் 2022 வரை மூன்று பருவம் (சீசன்), 23 அத்தியாயத்தில் தொடராகி, கதை கடைசி வரை வந்து முடிந்தது. பருவத்துக்கு ஒரு புத்தகம். அங்கேயும் குறை உண்டு. அந்த உலகில் ஒவ்வொரு மனிதனோடும் ஒரு விலங்குத் துணை இருக்கும். கூட்டக் காட்சிகளில் அவை காணாமல் போயின என்று வாசகர்கள் புகார் சொன்னார்கள். காரணம் எளிது. கணினியில் உருவாக்கும் விலங்கு ஷாட் கணக்கில் காசு. நூறு பேர் நிற்கும் சந்தையில் நூறு விலங்கு என்றால் அந்த ஒரு ஷாட்டே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

தொடரின் உண்மையான ஆபத்து வேறு: பாதியில் நிற்பது. ‘தி வீல் ஆஃப் டைம்’ 14 நாவல். 2021-இல் தொடங்கி மூன்று பருவம், 24 அத்தியாயம் வந்தது. நான்காவது நாவலின் கதையை எடுத்த மூன்றாம் பருவத்தோடு 2025-இல் நிறுத்திவிட்டார்கள். முதல் பருவம் எடுக்கும்போதே முக்கிய நடிகர் ஒருவர் விலகியதால் கடைசி அத்தியாயங்களைத் திருத்தி எழுதவேண்டி வந்ததும், அடுத்த பருவத்தில் அந்தப் பாத்திரத்துக்கு வேறு முகம் வந்ததும் தனிக்கதை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நிற்கவில்லை. எட்டுப் பருவம், 73 அத்தியாயம் ஓடியது. ஆனால் ஐந்தாம் நாவல் வந்தது 2011-இல். ஆறாவது வருவதற்குள் தொடர் கதையைத் தாண்டிப் போய்விட்டது. பருவத்துக்குப் பத்து என்று வந்த அத்தியாயங்கள் கடைசி இரண்டில் ஏழும் ஆறுமாகக் குறைந்தன. முன்பு பாத்திரங்கள் மாதக்கணக்கில் நடந்து கடந்த தூரத்தைக் கடைசியில் ஒரே வெட்டில் கடந்தார்கள். எதிர் உதாரணம், ‘ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்’: நம் கற்பனை நாவல் அளவுக்குத் தடித்த ஒரே புத்தகம், 2015-இல் பிபிசியில் ஏழு அத்தியாயம், கதை முடிந்தது, அவ்வளவுதான். எங்கள் ஓட்டு இந்த ரகத்துக்கே.

தினசரி சீரியலை இந்த விவாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை, ஆனால் நேரம் அதிகம் அங்கேதான். 22 நிமிடம், வருஷத்துக்கு 300 அத்தியாயம் என்றால் 110 மணி நேரம்; நாவலைப் போல நான்கு மடங்கு. இங்கே வெட்டும் பயமில்லை, இழுக்கும் பயம். நாளுக்கு ஒரு அத்தியாயம் எடுத்தாக வேண்டும் என்பதால் வீட்டுக்குள், இரண்டு மூன்று கேமராவில், முகத்துக்கு அருகே வைத்தே முடிப்பார்கள். கரடி பேசுவதெல்லாம் வசனத்தில் ‘கரடி சொல்லுச்சு’ என்று போய்விடும். 1990-களில் சன் டிவியில் வந்த ‘மர்மதேசம்’ வாரத் தொடராக இருந்ததால்தான் இரவு, காடு, குதிரை என்று வெளியே போக முடிந்தது. இன்றைக்கும் பேய், குலதெய்வம், ஊர்ச்சாபம் வகைக்கு அந்த வார வடிவம் போதும்.

இனி மலைக்கு வருவோம். ஓடிடி தொடர் என்றால் ஒரு நாளைக்கு நான்கு பக்கத் திரைக்கதை எடுப்பார்கள்; பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று 400 பக்கத்துக்கு 100 நாள். அதில் முக்கால்வாசியை ஏற்காட்டில் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது மரம். தோட்டம் எங்கும் காப்பிக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். காப்பியே இந்த மலைக்கு 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த பயிர். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சிற்றரசில் நேராக வளர்ந்த சில்வர் ஓக்கும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் பின்னணியில் தெரிந்தால், சென்னையில் யாருக்கும் உறுத்தாது. சேலத்துக்காரன் முதல் நிமிடத்திலேயே பிடித்துவிடுவான். சேர்வராயன் கோயில் பக்கத்து மொட்டை மேடு இதற்குத் தப்பிக்கும். ஆனால் அங்கே காற்று பலமாக அடிக்கும் நாளில் வசனத்தைப் பிறகு டப்பிங்கில்தான் காப்பாற்ற வேண்டும்.

அடுத்தது பனி. அகலமான ஷாட்டில் பனி இருக்கும். லென்ஸ் மாற்றி முகத்துக்கு அருகே வருவதற்குள் விலகிவிடும். ஒட்டினால் இரண்டும் வேறு வேறு நாள் மாதிரி தெரியும். பனியைப் புகை மெஷினால் கூட்டலாம், இருப்பதைக் குறைக்க முடியாது. அதனால் அகல ஷாட்டை முதலில் எடுத்துவிட்டு, அருகு ஷாட்டுகளுக்குப் புகையால் ஈடுகட்டுவதே வழி. பின்னணியைக் கணினியில் மாற்றுவதற்காக நடிகருக்குப் பின்னால் கட்டும் பச்சைத்திரையை மட்டும் பனிக்குள் விரிக்கக் கூடாது. நடிகருக்கும் துணிக்கும் நடுவே பனி வந்தால் பச்சை ஒரே சீராகப் பதியாது. கணினியில் பிரிக்கும்போது தலைமுடி ஓரம் பிய்ந்து நிற்கும். கரடி வரும் ஷாட்டுகளைக் கீழே சேலத்தில் ஒரு படப்பிடிப்புத் தளத்துக்குள் எடுப்பதே மேல். இருபது கொண்டை ஊசி வளைவில் ஜெனரேட்டர் வண்டியையும் கிரேனையும் தினமும் ஏற்றி இறக்கும் நேரமும் மிச்சம்.

தளத்துக்குள் மாயக்கதை எடுப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில்தான் 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக உருவானது. அரபுக் கதையின் குகைக்கு அரபுநாடு போகவில்லை. இப்போது அங்கே நுழைவு வளைவுதான் மிச்சம்.

நான்காவது வழி அனிமேஷன். ‘கார்ட்டூனா?’ என்று நம்மவர்கள் உதட்டைப் பிதுக்குவது நியாயமில்லை. கரடியை வரைய ஆகும் செலவும் மனிதனை வரைய ஆகும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். சில்வர் ஓக்கை வரையாமல் விட்டால் போதும். செலவு போவது அசைவுக்கு: நொடிக்கு 12 ஓவியம் என்றால் 22 நிமிடத்துக்கு 15,840. அசையாத இடங்களில் ஒரே படத்தை நிறுத்திவைத்துக் குறைப்பார்கள். போர்க்களம்தான் கையைக் கடிக்கும்.

இன்னொரு பெரிய லாபம், வரைந்த பிள்ளைக்கு வயது ஏறாது. ‘பெர்சி ஜாக்சன்’ நாவலில் 12 வயதுப் பையனை 2010 படத்தில் 16 ஆக்கினார்கள். 2023 டிசம்பரில் வந்த தொடர் அவனை 12-க்குத் திருப்பியது, ஆனால் இரண்டாம் பருவம் 2025 டிசம்பரில்தான் வந்தது. கதையில் ஒரு வருஷம் போவதற்குள் பையனுக்கு இரண்டு வருஷம் கூடிவிடும். நிறத்திலும் அப்படியே. ‘எர்த்சீ’ நாவல்களின் செம்பழுப்பு நிற நாயகனை 2004 குறுந்தொடரில் வெள்ளையனாக்கியதை எழுதியவரே பகிரங்கமாகக் கண்டித்தார். நம் மலைக்கதையின் நாயகியை மும்பையிலிருந்து வரவழைப்பார்களோ என்ற பயம் தேவையற்றது என்று யாராலும் சொல்ல முடியாது. ஓவியருக்கு அந்த நட்சத்திரக் கட்டாயம் இல்லை.

ஆகவே ஒரே புத்தகம், கதை முடிந்தது என்றால் எட்டு அத்தியாய ஓடிடி தொடர். ஐந்து பாகத்துக்கு மேல் நீண்டால் அனிமேஷன். இரண்டு பாகப் படம் என்றால் இரண்டையும் ஒரேமூச்சில் எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். ‘பொன்னியின் செல்வன்’ அப்படி எடுக்கப்பட்டதால்தான் 2022-க்கு அடுத்த வருஷமே இரண்டாம் பாகம் வந்தது. அறிவிப்பு வந்த அன்றைக்கு நடிகர் பட்டியலில் சண்டை போடுவதைவிட, படப்பிடிப்பு தொடங்கும் முன் கடைசி அத்தியாயத்தின் திரைக்கதை எழுதி முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நாவலை இன்னொரு முறை வாசிக்க எடுத்துக்கொள்ளலாம்.