ஆறு லட்சம் பாக்கியும் ஒரு சமரச மேசையும்

இளம்பிள்ளையில் தறி போட்டிருக்கும் எங்களுக்கு, கடைகளுக்குக் கடன் கொடுக்காமல் சேலை நகராது. சேலம் டவுனில் ஒரு மொத்த ஜவுளிக்கடையில் எனக்கு ஆறு லட்சத்துக்கு மேல் நின்றுவிட்டது. கேட்டால், "ஒரு லாட்டு சாயம் போகுதும்மா, முதல்ல அதுக்கு வழி சொல்லுங்க" என்பார் கடைக்காரர்.

கேஸ் போடலாம் என்று வக்கீலிடம் போனேன். மூன்று லட்சமும் அதற்கு மேலும் உள்ள வியாபாரத் தகராறில், அவசர உத்தரவு எதுவும் கேட்கவில்லை என்றால், முதலில் சமரசத்துக்குப் போயே ஆகவேண்டுமாம். வணிக நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 12ஏ. 2022-ல் உச்ச நீதிமன்றமும் இது கட்டாயம் என்று சொல்லிவிட்டது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தேன். மனுவுக்கு 1,000 ரூபாய். பத்து லட்சம் வரையிலான பாக்கிக்குச் சமரசக் கட்டணம் 15,000; ஆளுக்குப் பாதி.

சமரசர் தீர்ப்பு சொல்வதில்லை. இருவரையும் உட்காரவைத்துக் கேட்டார், பிறகு தனித்தனியாகப் பேசினார். எனக்கு மிகவும் பிடித்தது அந்தத் தனிப்பேச்சுதான். அந்த லாட்டுச் சேலைகளை ஊர்க் கடைகள் திருப்பி அனுப்பி, குடோனில் கட்டுக்கட்டாகக் கிடப்பதைக் கடைக்காரர் அங்கேதான் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் சம்மதித்த பிறகே சமரசர் அதை என்னிடம் சொன்னார். போனில் இத்தனை நாள் சண்டை போட்டும் இது எனக்குத் தெரியாது. அங்கே பேசியதைப் பின்னால் கோர்ட்டில் எடுத்துப் பேச முடியாது என்பதால்தான் மனிதர்கள் வாய் திறக்கிறார்கள்.

என் பக்கம் பேசியது காகிதங்கள். கடை ஆள் கையெழுத்துப் போட்ட டெலிவரி சலான், மார்ச் கடைசியில் கடைக்காரரே பாக்கியை ஒப்புக்கொண்டு கொடுத்த கடிதம். தறிக்காரர்களே, சலானில் கையெழுத்து வாங்காமல் உருப்படி அனுப்பாதீர்கள், கடிதம் வாங்காமல் கணக்கு வருஷத்தை முடிக்காதீர்கள்.

சாயம் போன லாட்டு திரும்பி வந்தது, அதன் விலை கழிந்தது, மீதி நான்கு தவணை. கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு உண்டு. தவணை தவறினால் புதிதாகக் கேஸ் போட வேண்டாம், ஒப்பந்தப்படி பணத்தை வசூலித்துத் தரச்சொல்லி நேராகக் கோர்ட்டில் நிறைவேற்று மனுதான்.

ஒரு குறை இருக்கிறது. எதிராளி வரவில்லை என்றால் இழுத்துவர வழியில்லை. இரண்டாவது நோட்டீசுக்கும் வராவிட்டால் சமரசம் தொடங்கவே இல்லை என்று அறிக்கை கொடுத்துவிடுவார்கள், பிறகு கோர்ட்தான். சமரசத்துக்குப் போன அந்தக் காலம், கேஸ் போடுவதற்கான மூன்று வருஷக் கெடுவில் சேராது என்பது ஆறுதல்.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இருப்பதால் சிறுதொழில் வசதியாக்க மன்றத்துக்கும் போயிருக்கலாம். 45 நாள் தாண்டிய பாக்கிக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அந்தக் கடைக்கு மறுபடி சேலை கொடுக்க நினைத்ததால் நான் போகவில்லை. வியாபாரம் முடிந்துபோன இடம் என்றால் அங்கேதான் போவேன். மூன்று லட்சத்துக்குக் குறைந்த பாக்கிக்கு, கட்டணமே இல்லாத லோக் அதாலத் இருக்கிறது.