லாஸ்கோ சிஎம்இ கேட்டலாக்: தினமும் யூஸ் பண்ற ஒருத்தரோட ரிவ்யூ

சூரியன்லருந்து பிளாஸ்மா பீறிட்டுக் கெளம்புற சிஎம்இக்கள பாத்து வகை பிரிக்கக் கத்துக்கணும்னா நேரா இதுக்குப் போயிடுங்க. சோஹோ விண்கலத்தோட லாஸ்கோ கேமரா 1996லருந்து எடுத்த படங்கள மனுஷங்களே உக்காந்து பாத்து, ஒண்ணொண்ணையும் கண்ணால அளந்து மாசாமாசம் டேபிளா போட்டிருக்காங்க, ஃப்ரீ தான், லாகின் கூட வேணாம்.

தொறந்ததும் வெறும் நம்பரா கெடக்கும், பயந்து மூடிடாதீங்க. லாஸ்கோவோட சி2ங்கற கேமரா படத்துல முதல்ல தெரிஞ்ச நேரம், திசை, அகலம், ஸ்பீடு, அவ்ளோதான். திசைய சூரியனோட வடக்குலருந்து இடஞ்சுழியா எண்ணணும், 90னா கிழக்கு, படத்துல இடது பக்கம். அகலம் 120 டிகிரி தாண்டினா பார்ஷியல் ஹேலோ, சுத்தி 360ம் வந்தா ஹேலோ. ஹேலோனு பாத்ததும் பூமிக்குத்தான் வருதுனு முடிவு பண்ணிடக் கூடாது, சூரியனுக்குப் பின்பக்கம் வெடிச்சு எதிர்த்திசைல போறதும் அதே மாதிரிதான் வட்டமா தெரியும். எஸ்டிஓங்கற விண்கலம் சூரியன எடுத்த 193 ஆங்ஸ்ட்ராம் புற ஊதா படத்துல (2010லருந்துதான் இருக்கு) அந்நேரம் நம்ம பக்கம் ஏதாச்சும் வெடிச்சிருக்கானு பாத்தாதான் தெரியும்.

ஸ்பீட வெச்சும் பிரிக்கலாம், செகண்டுக்கு 500 கிலோமீட்டருக்குக் கீழ எஸ், 1000க்குள்ள சி, 2000க்குள்ள ஓ, 3000க்குள்ள ஆர், அதுக்கும் மேல இஆர். ஆனா டேபிள்ல இருக்கறது வானத்துல பக்கவாட்டா தெரியுற வேகம் மட்டும்தான், நேரா நம்மள நோக்கி வர்றது உண்மைல இன்னும் வேகமா வந்துட்டிருக்கும்.

எனக்கு இதுல ரொம்பப் புடிச்சது ஹைட்-டைம் பிளாட், அதாவது சிஎம்இ எந்த நேரத்துல எவ்ளோ தூரம் போயிருக்குனு காட்டுற கிராஃப். அந்த ஸ்பீட எத்தன புள்ளிய வெச்சுப் போட்டாங்கனு பச்சையா காட்டிடுவாங்க, மூணே புள்ளினா ரிமார்க்ஸ்லயே எழுதிருக்கும், படம் மங்கலா இருந்தா புவர் ஈவன்ட்னும் இருக்கும். நான் ஸ்பீடுக்கு முன்னாடி ரிமார்க்ஸ்தான் படிப்பேன், இவ்ளோ நேர்மையா ஒரு டேட்டா கெடைக்கறது பெரிய விஷயம்ங்க.

கொறைனா ஒண்ணு, கையால அளக்கறதால நேத்து நடந்தத இன்னிக்குத் தேட முடியாது. அதுக்கு பெல்ஜியம் ராயல் அப்சர்வேட்டரியோட காக்டஸ் இருக்கு, சாஃப்ட்வேரே கண்டுபுடிச்சு உடனே லிஸ்ட் போட்டுடும், ஆனா சின்னச் சின்ன ஓட்டத்தையும் தனித்தனியா எண்ணிடும். கத்துக்க கையால அளந்ததுதான் பெஸ்ட்.

முதல்ல 2009 மாதிரி சூரியன் அமைதியா இருந்த வருஷத்துல ஒரு மாசம் எடுங்க. நம்பரப் பாக்காம மூவிய ஓட விடுங்க, வெளிய பளிச்சுனு ஒரு வளைவு, உள்ள இருட்டா ஒரு குழி, நடுவுல பளபளனு ஒரு கட்டி, குண்டு பல்பு மாதிரி இருக்கும், அகலத்தையும் ஸ்பீடையும் நீங்களே குத்துமதிப்பா எழுதிட்டு அப்புறம் டேபிளோட ஒப்பிடுங்க. கை பழகினதும் 2003 அக்டோபர் 28, 11:30 யுடிக்கு (உலகப் பொது நேரம்) போங்க. ஹேலோ, 2459 கிலோமீட்டர், ஆர் வகை, கொஞ்ச நேரத்துல வேகமான துகள்கள் கேமராவுல மோதி படம் பூரா பனி கொட்டுற மாதிரி வெள்ளப் புள்ளியா ஆயிடும்.