சாலையோர உதவித் திட்டமா, கைக்காசில் ரெக்கவரி வண்டியா: தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு நீண்டகால அனுபவம்

தண்டையார்பேட்டையில் வீடும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலையும் இருப்பதால், என் கார் பாதி நேரம் டி.எச். ரோடு எனும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் நெரிசலிலும் மீதி நேரம் கொல்கத்தா நெடுஞ்சாலையிலும் ஓடுகிறது. வழியில் பழுதாகி நிற்கும் வண்டிக்கு ஆளையோ இழுவை வண்டியையோ அனுப்பும் சாலையோர உதவித் திட்டத்தைச் சில ஆண்டுகளாக இரண்டு வகையிலும் வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன்: முதலில் ஒரு தனி நிறுவனத்தின் ஆண்டுச் சந்தாவாக, பிறகு காப்பீட்டுப் பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பாதுகாப்பாக. இடையில் எந்தத் திட்டமும் இல்லாமல், பழுதான காரைக் கொண்டுபோகும் ரெக்கவரி வண்டிக்குக் கைக்காசு கொடுத்த காலமும் உண்டு. இந்தத் திட்டங்களின் மதிப்பைத் தீர்மானிப்பது சந்தாத் தொகை அல்ல, வண்டி நிற்கும் இடம்தான் என்பதே என் கருத்து.

ஊருக்குள் நிற்கும் வண்டிக்குத் திட்டம் பெரிதாகப் பயன்படவில்லை. பஞ்சர், பேட்டரி இறங்குவது, சாவி உள்ளே மாட்டிக்கொள்வது ஆகியவைதான் நகரத்தில் அடிக்கடி வரும் தொல்லைகள். சென்னை வெயிலில் காரின் பேட்டரி மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாங்குவது அரிது. அது இறங்கிவிட்டால் தெருமுனை மெக்கானிக் இன்னொரு பேட்டரியையும் கேபிளையும் தூக்கிக்கொண்டு வந்து, ஜம்ப் ஸ்டார்ட் செய்துவிட்டுச் சில நூறு ரூபாயோடு போய்விடுகிறார். அதே வேலைக்குத் திட்டத்தின் அழைப்பு மையத்தைக் கூப்பிட்டால், வேறு ஊரில் உட்கார்ந்திருப்பவருக்கு முதலில் பின்கோடு, பிறகு அடையாளம், பிறகு குறுஞ்செய்தியில் வரும் இணைப்பின் வழியே இருப்பிடம் என்று வரிசையாகச் சொல்லி முடிக்கவே நேரம் போகிறது. முக்கால் மணி நேரத்தில் வருவோம் என்பது அவர்கள் வாக்கு. ஆனால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையை அடைத்துக்கொண்டு நிற்கும் மாலை வேளையில், அம்பத்தூர்ப் பக்கமிருந்து கிளம்பும் வண்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. “கிளம்பிட்டேன் சார், மூலக்கடை தாண்டிட்டேன்” என்ற பதிலை ஒரே மாலையில் மூன்று முறை கேட்டுவிட்ட பிறகு, உள்ளூர்த் தொல்லைகளுக்கு அந்த எண்ணை அழைப்பதையே விட்டுவிட்டேன்.

இழுத்துச் செல்வதிலும் ஊருக்குள் ஒரு சிக்கல் இருக்கிறது. திட்டத்தின் வண்டி பெரும்பாலும் அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் காரைக் கொண்டுபோகும். நமக்குப் பழக்கமான மெக்கானிக்கின் கொட்டகையில் இறக்கச் சொன்னால், விதியில் இடமில்லை என்பார்கள், அல்லது தொலைவுக்குத் தனியாகக் கேட்பார்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள புது வண்டிக்கு இது குறையே இல்லை. பழைய வண்டி வைத்திருப்பவருக்கோ, இலவசமாக இழுத்துச் சென்ற இடத்தில் எழுதப்படும் பழுதுபார்ப்புச் சீட்டு, மிச்சப்படுத்திய கிரேன் கூலியைப் போலப் பல மடங்காக இருக்கக்கூடும். நான் விசாரித்த அளவில், வடசென்னைக்குள் ஒரு சிறிய காரை இழுத்துச் செல்லப் பகலில் 1,500 முதல் 2,500 ரூபாய் வரை கேட்கிறார்கள். இரவில் கூடுதலாகும், மழை நாளில் பேரமே கிடையாது. பல ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய இந்தச் செலவை ஒதுக்கி வைக்க முடிந்தவருக்கு, ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்குத் தனிச் சந்தா தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

நெடுஞ்சாலையில் நிலைமை தலைகீழ். கவரைப்பேட்டைக்கு அருகே ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து, இன்ஜின் சூடேறி வண்டி நின்ற இரவில், தெரிந்த மெக்கானிக் யாரும் அந்த நேரத்துக்கு அவ்வளவு தூரம் வரத் தயாராக இல்லை. வழியில் போன ஒரு கிரேன்காரர் சொன்ன தொகை என் ஓராண்டுச் சந்தாவைவிடப் பல மடங்கு. காரை முழுதாக மேலே ஏற்றிக்கொள்ளும் திட்டத்தின் பிளாட்பெட் வண்டி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாலும், வண்டியை ஏற்றி மாதவரம் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு கையெழுத்து மட்டுமே வாங்கிக்கொண்டது. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண் இரவும் பகலும் இயங்குகிறது என்பதையும், சுங்கச்சாவடி ஒப்பந்தப்படி ரோந்து வண்டியும் கிரேனும் அங்கே இருக்க வேண்டும் என்பதையும் பலர் அறிவதில்லை. ஆனால் அந்த உதவி வழித்தடையை நீக்குவதற்கானது. பழுதான காரைப் பாதுகாப்பான ஓர் ஓரத்துக்கு நகர்த்துவதோடு அதன் பொறுப்பு முடிந்துவிடும், வீடு வரை அது வராது. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் செல்லும் வெளிவட்டச் சாலையோ மாநில அரசின் சாலை, தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ் வராது. ஆள் நடமாட்டம் குறைந்த அந்த மீஞ்சூர்ப் பகுதியில் நிற்கும்போது கையில் ஒரு திட்டம் இருப்பது பெரிய ஆறுதல்.

வண்டியின் வகையும் கணக்கில் சேர வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் எண்ணெயைச் சுற்றவிடும் பம்ப் இன்ஜின் ஓடும்போது மட்டுமே வேலை செய்யும் என்பதால், இன்ஜின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்தால் கியர்பெட்டி கெட்டுப்போகும். மின்சாரக் கார்களையும் சக்கரங்கள் உருளும்படி இழுக்கக் கூடாது. கைக்காசில் வண்டி பிடிப்பவர் “பிளாட்பெட்தானே?” என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும், கொக்கி மாட்டித் தூக்கும் பழைய கிரேன் குறைந்த கூலிக்கு வருகிறதே என்று மயங்கிவிடக் கூடாது.

பாலிசியில் ஏற்கெனவே இருப்பதையும் படித்துப் பார்ப்பது நல்லது. தனியார் கார்களுக்கான வழக்கமான முழுமைப் பாலிசியிலேயே, விபத்துக்குப் பின் வண்டியை அருகிலுள்ள பணிமனைக்குக் கொண்டுசெல்லும் செலவாக 1,500 ரூபாய் வரை தரும் விதி நெடுங்காலமாக உள்ளது. அது விபத்துக்கு மட்டும்தான், பழுதாகி நிற்பதற்கு அல்ல. கூடுதல் பாதுகாப்பு வாங்கும்போது நான் பார்ப்பவை இலவச இழுவைத் தொலைவின் வரம்பு, அது போகும் ஒரு வழிக்கா, போய்வரும் இரு வழிக்குமா என்பது, ஆண்டுக்கு எத்தனை அழைப்புகள் என்பது, வாங்கிய நாளிலேயே நடைமுறைக்கு வருமா என்பது. பெட்ரோல் கொண்டுவந்து தருவார்கள், ஆனால் பெட்ரோலின் விலை நம்முடையது. உதிரிப் பாகங்களும் அப்படியே.

வெள்ளத்தில் இரண்டு வழியுமே கைவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொடுங்கையூர்ப் பக்கங்களில் நீரில் நின்ற கார்களுக்கு எந்த ரெக்கவரி வண்டியும் வர வழியில்லை. பெரும்பாலான திட்டங்களின் விதிகளும் இயற்கைச் சீற்றத்தை விலக்கியே எழுதப்பட்டிருக்கின்றன. நீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்துக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை இல்லாத பாலிசியில் அந்த இழப்புக்குப் பணம் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் நீர் தேங்கும் சுரங்கப்பாதை வழியாகப் போக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள், சாலையோர உதவிக்கு முன் இந்தச் சேர்க்கையைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஆண்டு புதுப்பித்தபோது தனி நிறுவனச் சந்தாவை நிறுத்திவிட்டு, அதைவிட மிகக் குறைந்த தொகைக்குக் கிடைத்த காப்பீட்டுச் சேர்க்கையை மட்டும் வைத்துக்கொண்டேன். மாதவரம் பக்கத்துப் பிளாட்பெட் ஓட்டுநர் இருவரின் எண்களும் கைப்பேசியில் உள்ளன. ராயபுரத்தைத் தாண்டாத மனைவியின் ஸ்கூட்டருக்கு எதுவும் எடுக்கவில்லை.