இத்தாலிய வினைச்சொல்லும் என் பென்சில் கோடுகளும்: மூன்று வருட அனுபவம்

இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்த புதிதில் காசு கட்டி ஒரு செயலி வாங்கினேன். வினைச்சொல்லின் எல்லா வடிவங்களையும் அழகாக அசை பிரித்துக் காட்டும், எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதை மட்டும் காட்டாது. 'பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசை' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அதை நம்பி 'குடியிருக்கிறார்கள்' என்பதை அ-பி-தா-னோ என்று சொன்னேன், பக்கத்து வீட்டு அம்மா முழித்தார். சரியான உச்சரிப்பு ஆ-பி-த-னோ. அழுத்தம் முதல் அசையில், அதாவது கடைசியிலிருந்து நான்காவதில்!

அப்புறம் நோட்டில் பென்சிலால் அசை பிரித்து, அழுத்தத்துக்குக் கோடு போடுவதுதான். பிரிப்பது நமக்குப் பெரிய வேலையே இல்லை: மெத்-தோ (வைக்கிறேன்), நம் மெத்-தை மாதிரியே ஒற்று முன் அசையோடு போய்விடும். 'புரிகிறது' என்பதில்தான் இடறும். நம் காது கபிஸ்-கோ என்று வெட்டும், அவர்கள் எழுத்தில் க-பி-ஸ்கோ என்று வெட்டுவார்கள்.

அழுத்தம்தான் தலைவலி, ஏனென்றால் தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. அங்கே பார்லோ என்றால் பேசுகிறேன், அழுத்தத்தைக் கடைசிக்குத் தள்ளினால் பேசினான். கடைசி அசையில் விழுந்தால் எழுத்தின் மேல் குறி போடுகிறார்கள், நடுவில் விழுந்தால் பொதுவாகப் போடுவதில்லை, நாமே தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

மூன்று வருடத்தில் உண்மையில் உதவியது ஒரே பழக்கம்: புதுச் சொல்லைப் படிக்கும்போதே அதன் 'நான்' வடிவத்தையும் சேர்த்து வாய்விட்டுச் சொல்வது. நிகழ்காலத்தில் 'நான்' வடிவத்தில் எந்த அசையோ 'அவர்கள்' வடிவத்திலும் அதே அசைதான். தெ-லே-ஃபொ-னோ, தெ-லே-ஃபொ-ன-னோ. 'நாங்கள்', 'நீங்கள்' இரண்டில் மட்டும் அழுத்தம் விகுதிக்கு நகரும்: அ-பி-தியா-மோ, அ-பி-தா-தெ. இது பிடிபட்டதும் நோட்டில் பாதிக் கோடுகள் தேவையற்றுப் போயின.

தீராத குறை, 'எரெ' என்று முடியும் வினைகள். பார்ப்பது வெ-தே-ரெ, எழுதுவது ஸ்க்ரீ-வெ-ரெ; ஏன் அங்கே நடுவில், இங்கே முதலில் என்று கேட்காதீர்கள், மனப்பாடம்தான். 'படிக்கிறார்கள்' (ஸ்தூ-திய-னோ) மூன்றே அசை, 'அனுப்புகிறார்கள்' (இன்-வீ-அ-னோ) நான்கு. இரண்டாவதில் அழுத்தம் 'இ' மேலேயே விழுவதால் அது தனி அசையாகிவிடுகிறது. இதில் போன வாரம்கூடத் தப்பு விட்டேன்.

செயலிச் சந்தாவை முதல் வருடமே நிறுத்திவிட்டேன். நோட்டு இப்போது இரண்டாவது ஓடுகிறது.