அம்மாவின் பென்ஷன் கணக்கிலிருந்து 28 மாதம் சத்தமில்லாமல் போன 722 வெள்ளி

வீட்டில் வயதானவர்கள் பெயரில் வங்கிக் கணக்கு இருப்பவர்கள் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கும் நம் ஆட்களை நினைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் இது எந்த ஊரிலும் நடக்கலாம். வங்கியின் பெயரைப் போடவில்லை.

2022 மார்ச் மாதம் அம்மாவுக்கு அப்பாவின் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பென்ஷன் வர ஆரம்பித்தது. மாதம் 620 வெள்ளி (ரிங்கிட்). பணம் விழ ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். அம்மாவிடம் இருந்தது தோட்டத்தில் இருந்த காலத்துப் பாஸ்புக் ஒன்றுதான், பல வருஷமாகத் தொடாதது. அன்றைக்கு எனக்குத் தொழிற்சாலையில் காலை ஷிப்ட். தம்பிதான் அம்மாவைக் கூட்டிப்போனான். வங்கி வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிச் சுற்றிவிட்டு அவன் உள்ளே போவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மேசையில் இருந்தது ஒரு தமிழ்ப் பெண். "வாங்க ஆன்ட்டி, பசியாறிட்டீங்களா" என்று கேட்டாளாம். அந்த ஒரு வார்த்தையில் அம்மாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "ஆன்ட்டிக்கு நல்ல பேக்கேஜ் ஒண்ணு போட்டுத் தரேன். இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்." மொத்தம் ஏழு இடத்தில் அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தாளில் இருந்தது மலாயும் ஆங்கிலமும். அம்மாவுக்கு இரண்டுமே வாசிக்க வராது.

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்தக் கணக்கை எட்டிப் பார்க்கவில்லை. பணம் வருகிறது, அம்மா எடுக்கிறார், அவ்வளவுதான். 2024 ஜூலை ஆரம்பத்தில் அம்மா போன் செய்தார். "பென்ஷன் வந்துருச்சுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. 600 எடுக்கலாம்னு போனேன், மிஷின் தர மாட்டேங்குது. சொக்சோல குறைச்சிட்டாங்களா பாரு." சொக்சோவில் யாரும் குறைக்கவில்லை. கணக்கில் இருந்தது 595 வெள்ளி 80 காசு. 620 விழுந்த கணக்கில் அது எப்படி?

பாஸ்புக் கிடையாது. கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். அம்மா ஒரு பெரிய மைலோ டின்னை எடுத்து வைத்தார். வங்கியிலிருந்து வந்த கடிதம் ஒன்றுவிடாமல் உள்ளே இருந்தது, தேதி வாரியாக, ரப்பர் வளையம் போட்டு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. "இங்கிலீஷ்ல வருது, நீ வந்தா காட்டலாம்னு வச்சிருந்தேன்" என்றார். எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்! ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்.

டின்னில் இல்லாத மாதங்களுக்கு ஸ்டேட்மென்ட் வேண்டுமென்று கிளைக்குப் போனால், அச்சடித்துத் தர 30 வெள்ளி கேட்டார்கள். நம்மிடம் என்ன பிடித்தார்கள் என்று தெரிந்துகொள்ளவும் காசு. அதைக் கட்டி, எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒரு இரவு முழுக்க வரி வரியாகக் குறித்தேன். நான் கண்டது இதுதான்.

பெரிய பூதம் காப்புறுதி. அம்மா பெயரில் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்று எடுத்து, கணக்கிலிருந்தே மாதம் 18 வெள்ளி 50 காசு வெட்டியிருக்கிறார்கள். 28 மாதம், 518 வெள்ளி. ஸ்டேட்மென்டில் அது நாலைந்து எழுத்தில் ஒரு சுருக்கம், எனக்கே முதலில் விளங்கவில்லை. அம்மாவிடம் கேட்டால், "இன்சூரன்ஸா? நான் எதுக்கு எடுக்கப் போறேன்?" என்கிறார். ஏழு கையெழுத்தில் ஒன்று அதற்கானது.

அடுத்தது கணக்கின் வகை. அம்மாவுக்கு வேண்டியது சாதாரணச் சேமிப்புக் கணக்கு. அவர்கள் திறந்தது நடப்புக் கணக்கும் சேமிப்புக் கணக்கும் சேர்ந்த பேக்கேஜ், பென்ஷன் விழுவது நடப்புக் கணக்கில். நடப்புக் கணக்கில் சராசரி இருப்பு 1,000 வெள்ளிக்குக் கீழே போனால் அரையாண்டுக்கு 10 வெள்ளி சேவைக் கட்டணம். மாதம் 620 வாங்கி அதிலேயே சாப்பிடுகிற ஒருவருக்குச் சராசரி 1,000 எந்தக் காலத்திலும் நிற்காது. இது கணக்கைத் திறந்து கொடுத்தவருக்குத் தெரியாதா? ஐந்து அரையாண்டு, 50 வெள்ளி. அந்த ஜூன் கடைசியில் இந்தப் பத்தும் காப்புறுதியின் 18.50-உம் சேர்ந்து போனதால்தான் மிஷின் 600 தரவில்லை. ஒரு விதத்தில் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் போய்க்கொண்டே இருந்திருக்கும்.

டெபிட் கார்டு வருடத்துக்கு 15 வெள்ளி, மூன்று முறை, 45. அம்மா அந்தக் கார்டை மிஷினைத் தவிர வேறெங்கும் நீட்டியதில்லை.

கடைசியாக ஏடிஎம். "எந்த மிஷின்லயும் எடுக்கலாம் ஆன்ட்டி" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். கோவிட் சமயத்தில் அது சரிதான். 2020 ஏப்ரலில் இருந்து வேற்று வங்கி மிஷினில் எடுப்பதற்கான 1 வெள்ளிக் கட்டணத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022 பிப்ரவரி 1-ஆம் தேதி அந்தக் கட்டணம் திரும்ப வந்துவிட்டது. அம்மா கணக்குத் திறந்தது அதற்கு அடுத்த மாதம். மார்க்கெட் பக்கத்து மிஷின் வேறு வங்கியுடையது. கையில் நிறைய வைத்திருக்கப் பயந்து அம்மா நூறு, நூற்றைம்பதாக மாதத்தில் நாலு தடவை எடுப்பார். 109 முறை, 109 வெள்ளி.

கூட்டிப் பாருங்கள், 722 வெள்ளி. ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம்.

காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. காப்பு 70 வயது வரைக்கும்தான். அம்மாவுக்கு 2023 ஆகஸ்டில் 70 முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பத்து மாதம் 18.50 வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பத்து மாதத்தில் அம்மா வழுக்கி விழுந்திருந்தால் ஒரு காசு வந்திருக்காது.

கிளைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றரை மணி நேரம் நம்பர் பிடித்து உட்கார்ந்திருந்தோம். அதிகாரி கையெழுத்துப் போட்ட தாள்களை எங்கள் முன்னால் வைத்து, "எல்லாம் கஸ்டமர் ஒப்புதலோடுதான் நடந்திருக்கிறது" என்றார். நான் கேட்டேன், "இந்த அம்மாவுக்கு இந்தத் தாளை வாசிக்கத் தெரியுமா என்று அன்றைக்கு யாராவது கேட்டார்களா?" பதில் இல்லை. அம்மா என் கையை மேசைக்கு அடியில் பிடித்து, "விடு, அந்தப் பொண்ணு வேலை போயிடப் போகுது" என்று முணுமுணுத்தார். அந்தப் பெண் அங்கே இல்லை, எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டாள். எனக்கு அவள்மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை. கணக்குத் திறக்க வருகிற ஒவ்வொருவர் தலையிலும் ஒரு காப்புறுதியைக் கட்டு என்று அவளை உட்கார வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

எழுத்தில் புகார் கொடுத்தேன். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. வயது கடந்த பிறகு பிடித்த 185 வெள்ளியைத் திருப்பித் தருகிறோம், மற்றது விதிப்படிதான் என்று. பிறகு மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழைத்து விவரம் சொன்னேன். அதன் பிறகு வங்கியிலிருந்தே கூப்பிட்டு அரையாண்டுக் கட்டணம் 50 வெள்ளியையும் கணக்கில் போட்டார்கள். மீதி 487 வெள்ளி போனது போனதுதான். வங்கியின் முடிவான பதில் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்கும் அமைப்பிடம், இலவசமாக முறையிடலாம். அப்போது அதை ஓஎஃப்எஸ் என்பார்கள், 2025 ஜனவரி 1 முதல் எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் இயங்குகிறது. "போதும் அலைஞ்சது" என்று அம்மா சொன்னதைக் கேட்டு நான் அதற்குப் போகாமல் விட்டேன். விட்டிருக்கக் கூடாது. உங்களுக்கு இப்படி நடந்தால் அந்தக் கடிதத்தின் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எந்த வங்கிக்குப் போவது? அம்மாவுக்குப் பெரிய வங்கிதான் பத்திரம் என்ற எண்ணம். பிஐடிஎம் (வங்கிச் சேமிப்புக்குக் காப்புறுதி தரும் மலேசிய அரசு நிறுவனம்) உறுப்பு வங்கி எதுவானாலும், பெரியதோ சிறியதோ, ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை சேமிப்புக்குப் பாதுகாப்பு ஒன்றுதான். 620 வெள்ளிப் பென்ஷனுக்குக் கட்டடத்தின் உயரத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இதை அம்மாவுக்குப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது.

ஒரு நாள் லீவு போட்டுப் பெர்ரியில் ஏறிப் பினாங்குத் தீவுப் பக்கம் போனேன். ஜெட்டியில் இறங்கி நடந்தால் லெபோ பந்தாயில் வங்கிகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றில் ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டேன்: "மாதம் 620 வரும், முழுதாக எடுத்துவிடுவார், வயது 71. என்ன கணக்கு தருவீர்கள்?"

முதல் வங்கியில் உடனே வட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். மூன்று விழுக்காடு வரை கிடைக்குமாம். எப்போது? மாதம் இவ்வளவு போட வேண்டும், கார்டில் 500 வெள்ளிக்குப் பொருள் வாங்க வேண்டும். மீன்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் ரொக்கமாகக் கொடுக்கிற அம்மா எங்கே போய்க் கார்டைத் தேய்ப்பார்? இரண்டாவது வங்கியில் சாதாரணச் சேமிப்புக்கு 0.25 விழுக்காடு என்றார்கள். 1,000 வெள்ளி வருடம் முழுக்கக் கிடந்தால் 2 வெள்ளி 50 காசு. வேறு வங்கி மிஷினில் மூன்று முறை எடுத்தால் அந்த வட்டி காலி. சின்ன இருப்பு உள்ளவர்களுக்கு வட்டியை ஒப்பிடுவது வீண் வேலை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் ஒப்பிட வேண்டியது கட்டணத்தை. வீட்டுக்குப் பக்கத்தில் எந்த வங்கியின் மிஷின் இருக்கிறது என்பது மூன்று விழுக்காட்டைவிட அதிகப் பணத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

இன்னொன்றையும் கவனித்தேன். மூன்று இடத்திலும் ஒரு கணக்கின் பெயரை அவர்களாக எடுக்கவே இல்லை: அகாவுன் சிம்பானான் அசாஸ், அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. பேங்க் நெகாரா ஏற்படுத்திய திட்டம் அது. 20 வெள்ளி போட்டுத் திறக்கலாம், மாதம் ஆறு முறை கவுண்டரிலும் எட்டு முறை அந்த வங்கியின் சொந்த மிஷினிலும் கட்டணம் இல்லாமல் பணம் எடுக்கலாம். நான் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகு மூன்று பேருமே "ஓ, அதுவா, இருக்கே" என்றார்கள். ஒருவர் மட்டும், "அதுல பெனிபிட் ஒண்ணும் இல்லக்கா" என்று மறுபடி பேக்கேஜுக்கு இழுத்தார். கார்டுக்கு வருடக் கட்டணம் எவ்வளவு என்பதைத் தனியாகக் கேளுங்கள், எனக்கு இரண்டு இடத்தில் 8 வெள்ளி என்றார்கள். தயாரிப்பு விவரத் தாளையும் கேட்டு வாங்குங்கள், கட்டணம் எல்லாம் அதில் இருக்கும். எதிலும் கையெழுத்துப் போடும் முன் அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். "இன்னைக்கே போட்டாத்தான்" என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மார்க்கெட் பக்கத்து மிஷின் எந்த வங்கியுடையதோ அந்த வங்கியிலேயே அம்மாவுக்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு திறந்தோம். இந்தத் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளையும் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். புதுக் கணக்கு எண்ணைச் சொக்சோவில் கொடுத்து, பென்ஷன் அதில் விழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பழையதை மூடினோம். அவசரப்பட்டு முதலிலேயே மூடிவிடாதீர்கள்.

தோட்டத்துப் பழைய பாஸ்புக்கையும் அப்போதே விசாரித்தேன். ஒரு வருடம் எந்தப் போக்குவரத்தும் இல்லாத கணக்கைச் செயலற்றது என்று வைத்து வருடத்துக்கு 10 வெள்ளி பிடிக்கிறார்கள், ஏழு வருடம் தாண்டினால் மீதியைக் கேட்பாரற்ற பணமாக அரசாங்கத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். அப்படிப் போன பணத்தைக் கணக்காளர் துறையின் இகூமிஸ் தளத்தில் ஐசி (அடையாள அட்டை) எண் போட்டு இலவசமாகத் தேடலாம். அம்மா பெயரில் 83 வெள்ளி இருந்தது. மனு போட்டிருக்கிறோம்.

இந்தக் கதை அம்மாவின் ஃப்ளாட்டில் பரவிவிட்டது. போன ஞாயிறு நான் போனபோது மூன்றாம் மாடி அக்கா காத்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே கிளையில்தான் கணக்கு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, உள்ளே பிரிக்காத கடிதங்கள். "எனக்கும் பார்த்துச் சொல்லும்மா" என்றார். முதல் உறையைக் கிழித்து ஸ்டேட்மென்டை விரித்தேன். மேலிருந்து நாலாவது வரியில் 18 வெள்ளி 50 காசு.